வேகன்-ஆருக்குப் பழைய வேன் தோற்றம்: வாசகர் கேள்வி, நம் பதில்

போன இதழில் மெட்டடார் வேனைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். முகூர்த்த நாளில் ஒரு குடும்பமே சீர்வரிசைத் தட்டோடு அதில் ஏறி, ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை வரை பாட்டுப் பாடிக்கொண்டே போய் வந்த காலத்தைப் பற்றி. அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: இப்போது வீட்டு வாசலில் நிற்கும் சின்னக் காரை அந்தத் தோற்றத்துக்குக் கொண்டுவர முடியுமா? அதனால் இந்த இதழ்ப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் அப்பா இருபது வருடத்துக்கு மேல் மெட்டடார் வேன் ஓட்டியவர். ஆரணி, போளூர், திருப்பதி என்று போகாத ஊர் இல்லை. இப்போது வயது 72. எங்களிடம் 2021இல் வாங்கிய வெள்ளை மாருதி வேகன்-ஆர் இருக்கிறது. ஜப்பானில் சின்ன வண்டிகளுக்கு ஜெர்மனியின் பழைய வோக்ஸ்வாகன் வேன் மாதிரி முகம் மாட்டிய வீடியோ ஒன்றைப் பார்த்ததிலிருந்து நம் வண்டியையும் அப்படிச் செய்து அப்பாவிடம் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஒரு ஃபைபர் பட்டறையில் கேட்டேன். பம்பர், கிரில், ஹெட்லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வட்ட லைட்டோடு புது முகம் வார்த்துத் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா? – வாசகர், கொசப்பேட்டை, வேலூர்

பதில்: ஆசையை விடாதீர்கள், ஆனால் ஃபைபர் பட்டறை சொன்ன வழி வேண்டாம். முகத்தைத் தொடாமல் நிறத்தை மாற்றுங்கள். பழைய வேன் என்று நம் கண் எதைப் பார்த்துச் சொல்கிறது என்று கொஞ்சம் யோசித்தால், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும்.

முதலில் அளவைப் பாருங்கள். வேகன்-ஆரின் அகலம் 1,620 மில்லிமீட்டர், உயரம் 1,675. அதாவது அகலத்தைவிட உயரம் அதிகம். பழைய வோக்ஸ்வாகன் வேனும் அப்படித்தான், அகலம் சுமார் 1.72 மீட்டர், உயரம் 1.94 மீட்டர். 2018இல் வந்த ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொண்டால் அகலம் 1,735, உயரம் 1,530, நேர் எதிர். அதனால்தான் ஸ்விஃப்ட்டுக்கு எந்த முகத்தை மாட்டினாலும் அது வேன் ஆகாது, வேகன்-ஆரோ ஒன்றும் செய்யாமலே பாதி வேன். பக்கச் சுவர் நேராக நிற்கிறது, கண்ணாடி உயரமாக இருக்கிறது, பின்பக்கம் வெட்டியது போல முடிகிறது. பெரிய வேலையைக் கம்பெனிக்காரரே செய்து கொடுத்துவிட்டார்.

அடுத்தது நிறம். 1947இல் பென் பான் என்ற டச்சு வியாபாரி தன் குறிப்பேட்டில் பெட்டி மாதிரி ஒரு வண்டியைக் கிறுக்கி வைத்தார், அதிலிருந்து பிறந்து 1950இல் உற்பத்திக்கு வந்ததுதான் அந்த வோக்ஸ்வாகன் வேன். இன்ஜின் பின்னால். முன்பக்கம் ஒரே தகடு. அந்தத் தகட்டில் மேல் நிறம் 'வி' எழுத்து போலக் குறுகிக்கொண்டே கீழே இறங்கும், அதன் இரண்டு பக்கமும் கீழ் நிறம். கண்ணாடிக்குக் கீழே ஓடும் கோட்டில் இரண்டு நிறமும் பிரியும். அவ்வளவுதான் அந்த முகம். 2022இல் அதே கம்பெனி அந்த வேனை நினைவுபடுத்தும்படி ஒரு மின்சார வேனை வெளியிட்டபோது வட்ட ஹெட்லைட்டைத் திரும்பக் கொண்டுவரவில்லை, லைட் மெலிதாக நீண்டு இருக்கிறது. ஆனால் இரண்டு நிறத்தையும் அந்த 'வி'யையும் விடவில்லை. பார்த்தவுடன் எல்லாருக்கும் பழைய வண்டி ஞாபகம் வந்துவிட்டது. தோற்றம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் பார்த்த ஜப்பான் வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே 660 சி.சி. இன்ஜின், 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம் என்ற வரம்புக்குள் தயாராகும் சின்ன வண்டிகளுக்குத் தனி வகை உண்டு, அதில் குட்டி வேன்களும் வருகின்றன. பெரும்பாலும் அவற்றின் முன்பக்கம் நம் மாருதி ஆம்னி வேன் மாதிரி கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும், அதனால் பழைய முகம் பொருந்திவிடுகிறது. வேகன்-ஆருக்கு பானட் இருக்கிறது. பானட்டுக்கு முன்னால் தட்டையான முகத்தை மாட்டினால் வேன் மாதிரித் தெரியாது, முகமூடி போட்ட கார் மாதிரித்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். அந்தப் பழைய வேனின் அழகே அதன் ஆபத்தாகவும் இருந்தது. ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு, அதற்கு முன்னால் சாலை. 2014இலிருந்து புதுக் கார்களில் ஏர் பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கட்டாயம் என்று பிரேசில் சொன்னபோது, அதுவரை அங்கே விடாமல் தயாராகிக்கொண்டிருந்த அந்த வேனின் அடுத்த தலைமுறையை 2013 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். உங்கள் வேகன்-ஆரின் மூக்கு இடியை வாங்கி நசுங்குவதற்காகவே இருக்கிறது. பம்பருக்குப் பின்னால் இருக்கும் உலோகச் சட்டம், ஏர் பேக்குக்குத் தகவல் சொல்லும் சென்சார், ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழி எல்லாம் ஒன்றோடு ஒன்று கணக்குப் பார்த்து வைத்தவை. அங்கே 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஃபைபர் ஒட்டி, அதைத் தாங்க இரும்புக் கம்பியும் வெல்டு செய்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். 72 வயது அப்பா உட்காரப் போகும் வண்டி. அதோடு நம் ஊர் வெயில், அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏ.சி. போட்டு நிற்கும்போது முன்பக்கக் காற்று வழியை அடைத்தால் டெம்பரேச்சர் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இங்கேதான் குறுக்கே வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பட்டறைக்காரர் "நான் பார்த்துக்கறேன் சார்" என்பார். ஆர்.சி.யில் இருப்பது அவர் பெயர் இல்லை, உங்கள் பெயர். நிறம் மாற்றுவது அப்படியில்லை, முறையாக ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம்.

சரி, எப்படிச் செய்வது? உங்கள் வண்டி வெள்ளை என்பது பெரிய அதிர்ஷ்டம். கூரை, தூண்கள், பானட்டின் நடுப்பகுதி எல்லாம் வெள்ளையாகவே இருக்கட்டும், கீழ்ப் பாதிக்கு மட்டும் நிறம் அடித்தால் போதும். செலவில் கணிசமான பகுதி அங்கேயே குறைந்துவிடும். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்புவதால் உள்ளே சூடும் குறைவு. பக்கவாட்டில் கண்ணாடிக்குக் கீழே, கைப்பிடிக்கு மேலே ஒரு கோடு. அந்தக் கோடு முன்பக்கம் வந்ததும் பானட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் உள்ளே வளைந்து, கிரில்லின் நடுவை நோக்கி 'வி'யாக இறங்க வேண்டும். 'வி'க்குள் வெள்ளை, வெளியே நிறம்.

பெயிண்டரிடம் போவதற்கு முன் இதை நீங்களே வீட்டில் செய்து பார்த்துவிடுங்கள். மாஸ்கிங் டேப் ஒரு சுருள், ஒரு வாரத்துப் பழைய பேப்பர், அவ்வளவு போதும். கீழ்ப் பாதியில் பேப்பரை ஒட்டி, இருபதடி தள்ளி நின்று பாருங்கள். போட்டோ எடுத்து மறுநாள் காலையில் இன்னொரு தடவை பாருங்கள். 'வி' ரொம்ப அகலமாக இருந்தால் பானட் முழுக்க வெள்ளையாகத்தான் தெரியும், ரொம்பக் குறுகினால் நெற்றியில் நாமம் போட்ட மாதிரி ஆகிவிடும். நாலைந்து தடவை ஒட்டிப் பிரித்தால்தான் சரியான இடம் கிடைக்கும். இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும், வண்டியின் முகம் இங்கேதான் முடிவாகிறது.

எந்த நிறம் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்கிறேன், அப்பா ஓட்டிய வண்டி என்ன நிறம்? வீட்டில் ஏதாவது ஒரு கல்யாண ஆல்பத்தில் அந்த மெட்டடார் ஓரத்திலாவது நின்றுகொண்டிருக்கும். போட்டோவில் நிறம் வெளுத்திருக்கும், அதனால் அதை அப்படியே எடுக்காமல் அப்பாவிடம் பெயிண்ட் கடை நிற அட்டையைக் கொடுத்து விரல் வைக்கச் சொல்லுங்கள். வோக்ஸ்வாகன் ஜெர்மனிக்காரர்கள் ஞாபகம். மெட்டடாரும் ஒரு ஜெர்மன் கம்பெனியின் வடிவம்தான், ஆனால் 1969இலிருந்து பஜாஜ் டெம்போ நம் நாட்டிலேயே தயாரித்து, நம் சாலையில் ஓடி, நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த வண்டி. வடஆற்காட்டில் பழைய வேன் என்றால் அதுதான். உங்கள் வேகன்-ஆர் அந்த நிறத்தில் நின்றால் அப்பாவுக்கு எதையும் விளக்க வேண்டி வராது.

கடைசியாகச் சக்கரம். இதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். பளபளக்கும் அலாய் வீல் போட்ட வண்டியில் எந்தப் பழைய தோற்றமும் நிற்காது. வண்டியோடு வந்த இரும்பு ரிம் இருந்தால் அதைப் பாதாம் பால் நிறத்தில் அடித்து, நடுவில் மட்டும் வட்டமான குரோம் மூடி வையுங்கள். பிளாஸ்டிக் வீல் கப்பைக் கழற்றிப் பரண் மேல் போடுங்கள். டயர் அளவை மாற்ற வேண்டாம். ரிம்முக்கு பெயிண்ட் அடிக்கும்போது நட்டு உட்காரும் குழியிலும், டிரம்மோடு ஒட்டும் பின்பக்க முகத்திலும் பெயிண்ட் ஏறக் கூடாது. அங்கே பெயிண்ட் கனமாக இருந்தால் நட்டு முதலில் இறுகியது போல இருக்கும், ஓடியபின் பெயிண்ட் நசுங்கித் தளர்ந்துவிடும். மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டை ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு மங்கிய பச்சை, ராணுவ ஜீப்பில் இருக்குமே, அந்த நிறம் ரொம்பப் பிடிக்கும். மேலே கிரீம், கீழே அந்தப் பச்சை. ஆர்.சி.யில் எப்படி மாற்றுவது? வண்டிக்கு இன்னும் இரண்டு வருட லோன் இருக்கிறது. – வாசகி, காட்பாடி

பதில்: அந்தப் பச்சை மட்டும் கூடாது அம்மா. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி, ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டும்தான் என்கிறது. பாசிப்பயறுப் பச்சை, வேப்பங்கொழுந்துப் பச்சை, கடல் பச்சை என்று எத்தனையோ இருக்கின்றன, பழைய வேன்களில் அந்த வெளிறிய பச்சைகள்தான் அழகாகவும் இருந்தன.

வேலையைத் தொடங்கும் முன்பே கடன் கொடுத்த வங்கியில் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்குங்கள், அப்புறம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி மாற்றத்துக்கு விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி, பெயிண்ட் அடித்தபின் வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் புது நிறத்தை ஏற்றுங்கள். இரண்டு நிறம் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கும்போது "மேலே கிரீம், கீழே இளம்பச்சை" என்று எழுத்தில் இருந்தால் பேச்சே வராது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட்டு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு க்ளெய்ம் என்று வரும்போது பாலிசியில் வெள்ளை, வண்டியில் பச்சை என்றால் அலைய வேண்டியிருக்கும். வண்டி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டினால் இதெல்லாம் வேண்டாம் என்று சில கடைகளில் சொல்கிறார்கள். ஆர்.சி.யில் ஒரு நிறமும் சாலையில் ஒரு நிறமும் என்றால் நிறுத்துபவருக்கு அது ஸ்டிக்கரா பெயிண்டா என்பது ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: உள்ளே சீட்டுக்கும் பழைய காலத்துத் துணி போட ஆசை. எங்கள் ஊர் கைலித் துணியில் தைக்கலாமா? – வாசகர், குடியாத்தம்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. வெளிநாட்டுப் பழைய வேன்களில் கட்டம் போட்ட துணியைத் தேடித் தேடி வாங்கிப் போடுகிறார்கள், உங்கள் ஊரில் தறியிலிருந்தே இறங்குகிறது.

ஆனால் கைலி மெல்லிய துணி. அப்படியே சீட்டுக்குப் போட்டால், ஏறி இறங்கும் ஓரத்தில் மாதக்கணக்கில்கூடத் தாங்காமல் நைந்துவிடும். அதனால் உட்காரும் இடத்தின் நடுப்பட்டைக்கும் சாய்மானத்தின் நடுப்பட்டைக்கும் மட்டும் கட்டம் போட்ட துணி, ஓரங்களுக்குத் தோல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம்மைச் சுற்றித் தோல் பதனிடும் ஊர்கள்தான். ஷூவுக்கான மெல்லிய தோலை விட்டுவிட்டு, சோபா, சீட்டுக்கான தோல் என்று கேட்டு வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் நல்ல ரெக்சின் போதும். துணிக்குப் பின்னால் கேன்வாஸும் மெல்லிய ஃபோமும் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள், குஷன் கடையில் செய்வார்கள். தைப்பதற்கு முன் துணியை உப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து அலசிக் காயவையுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கட்டும், சாயம் போக வேண்டியதும் வேட்டியில் ஒட்டாமல் அப்போதே போகட்டும்.

உங்கள் வண்டி புது மாடலாக இருந்தால் சீட்டின் பக்கவாட்டில் ஏர் பேக் என்று ஒரு சின்னத் துணிப் பட்டை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சீட்டுக்கு உறையே போடாதீர்கள், அல்லது பக்கவாட்டைத் திறந்து விட்ட உறைதான் போட வேண்டும். டாஷ்போர்டில் இடப்பக்கம் ஏர் பேக் மூடி இருக்கும் இடத்திலும் பெயிண்ட், ரெக்சின், மரப் பட்டை எதுவும் ஒட்டக் கூடாது. திறக்க வேண்டிய நொடியில் அது திறந்தாக வேண்டும்.

அதே துணியில் ஜன்னல் திரையும் தைக்கலாம், அழகாக இருக்கும். ஓடும்போது திரை வேண்டாம், ஏலகிரியில் வண்டியை நிறுத்தி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயரும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு நிறம் அடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. கதவுகளில் நன்றாக இருக்கிறது, பம்பரில் மட்டும் தோல் உரிவது போல உரிகிறது. பெயிண்டர் வெயில் என்கிறார். உண்மையா? – வாசகர், ஆற்காடு

பதில்: வெயில் காரணமில்லை. கதவு இரும்பு, பம்பர் பிளாஸ்டிக், அந்தப் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் சாதாரணமாக ஒட்டாது. அதற்கென்று ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் பிரைமர் இருக்கிறது, அதை முதலில் அடிக்க வேண்டும். பெயிண்டில் வளைந்து கொடுக்கும் மருந்தும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பம்பர் லேசாக அமுங்கினாலே விரிசல் விடும். எனக்கும் இதே நடந்தது. இந்த ஊரில் ஒரு பட்டறையில் பின் பம்பரை அடித்து வாங்கி, மூன்றாவது மாதம் வாட்டர் வாஷில் விட்டபோது தண்ணீர் வேகத்துக்கு உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து விழுந்தது. கேட்டால் இரும்புக்கு அடிக்கும் பிரைமரையே அடித்திருக்கிறார்கள். அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனது கஷ்டமாக இருக்கும்.

உரிந்த இடத்தில் மட்டும் தொட்டு அடிக்க விடாதீர்கள். பம்பரைக் கழற்றி, பழைய பெயிண்ட் முழுவதையும் எடுத்து, முதலிலிருந்து செய்ய வேண்டும். வேலை நடக்கும்போது ஒரு தடவை போய் பிரைமர் டப்பாவை நீங்களே பாருங்கள். அதில் தவறாக நினைக்க ஒன்றுமில்லை, நல்ல பெயிண்டர் தானே எடுத்துக் காட்டுவார்.

புதிதாக அடிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்றிரண்டு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் ஈரம் பட்டு மேல் பூச்சு பால் மாதிரி மங்கும். சித்திரை, வைகாசியில் அடித்தால் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரக்கும், அப்போது மெதுவாகக் காயும் தின்னர் கேட்க வேண்டும். தையும் மாசியும் நம் ஊரில் நல்ல மாதங்கள். தனி அறை இல்லாத பட்டறை என்றால் தரையில் தண்ணீர் தெளித்து, விடியற்காலையில் புழுதி கிளம்பும் முன் அடிக்கச் சொல்லுங்கள். ஒடுக்கு இருந்தால் டிங்கர் முடிந்தவரை தட்டி எடுக்கட்டும், பட்டியை அப்பி நிரப்பக் கூடாது, 3 மில்லிமீட்டருக்கு மேல் பட்டி போனால் வெடிக்க ஆரம்பிக்கும். கதவைத் திறந்தால் தெரியும் உள் விளிம்புக்கும் நிறம் வருமா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் அது தனிக் கணக்கு.

கேள்வி: மேலே கேரியர், பின்னால் ஏணி, முன்னால் ஸ்டெப்னி மாட்டினால் பழைய சஃபாரி வேன் மாதிரி இருக்குமே? – வாசகர், திருப்பத்தூர்

பதில்: முன்னால் ஸ்டெப்னி வேண்டவே வேண்டாம், காற்று வழியை மறைக்கும், குறுக்கே வருபவர் மீது இரும்புபோல இடிக்கும். முன்பக்க இரும்பு கார்டுகளையே 2017 டிசம்பரில் மத்திய அரசு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஏணியும் வேண்டாம், வேகன்-ஆர் டிக்கிக் கதவின் தகடு ஆள் ஏறும் கனத்துக்குச் செய்ததில்லை. கேரியர் மட்டும், கழற்றி மாட்டும் வகையில், வண்டியின் கையேட்டில் கூரை எடை எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ அதற்குள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் கூரை மேல் கனம் இருந்தால் உயரமான வண்டி எப்படிச் சாயும் என்று ஒரு தடவை ஏறினாலே தெரியும். ஊர் திரும்பியதும் கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் பதில் ஒரு பழைய ஆம்னியையே வாங்கிவிடலாமா? முகம் தட்டை, வட்ட லைட்கூட கிடைக்கிறது. – வாசகர், ஆம்பூர்

பதில்: தோற்றத்துக்கு ஆம்னியை மிஞ்ச ஆளில்லை. 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னியாகி, 2019 வரை ஓடிய வண்டி. 796 சி.சி. இன்ஜின், ஓட்டுபவரின் சீட்டுக்கு அடியில். டவுனுக்குள் அப்பா, அம்மாவை மார்க்கெட்டுக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கும் கூட்டிப்போக நல்ல வண்டி. பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே தினமும் ஓட்டுவதற்கு நான் சொல்ல மாட்டேன், வோக்ஸ்வாகன் வேனைப் பற்றி மேலே சொன்ன அதே காரணம்தான்.

வாங்குவதானால் 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா, இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், புதுப்பித்தால் 5 வருடம் கிடைக்கும். அப்புறம் மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். சறுக்குக் கதவின் கீழ்த் தடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள், தண்ணீர் தங்கித் துரு பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். கேஸ் கிட் போட்டிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதும் முக்கியம். இதெல்லாம் சரியாக இருந்தால் வாங்குங்கள். துருப்பிடித்த வண்டிக்கு இரண்டு நிறம் அடித்துக் காசைக் கொட்ட வேண்டாம்.

கேள்வி: முன்னால் வோக்ஸ்வாகன் சின்னம் வைக்கலாமா? இரண்டு நிறம் சேரும் இடத்தில் குரோம் பட்டை ஒட்டலாமா? – வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: அடுத்தவர் கம்பெனியின் சின்னம் வேண்டாம். உங்கள் வண்டி மாருதி என்பதில் குறை ஒன்றும் இல்லை.

குரோம் பட்டை ஒட்டலாம், ஆனால் நான் அதைவிட ஒரு நல்ல வழி சொல்கிறேன். லாரிகளுக்கும் கடைப் பலகைக்கும் எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் யாராவது உங்கள் பக்கத்தில் இன்னும் இருப்பார், ஃபிளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்து போயிருப்பார். அவரைக் கூப்பிட்டு, இரண்டு நிறம் சேரும் கோட்டின் மேல், நீள முடியுள்ள அணில் முடி பிரஷால் ஒரே மூச்சில் மெல்லிய கோடு ஒன்று இழுக்கச் சொல்லுங்கள். வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில் கருஞ்சிவப்பு, வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவில் மஞ்சள். மெட்டடார் வேன்களில் அப்படித்தான் கையால் இழுத்திருப்பார்கள். கையால் இழுத்த கோடு என்பதால் ஓரிடத்தில் நூல் அளவு தடித்திருக்கும், இன்னோரிடத்தில் மெலிந்திருக்கும். அதைத் திருத்தச் சொல்லாதீர்கள். கோடு இழுத்தபின் இரண்டு நாள் வண்டியை நிழலில் நிறுத்துங்கள், ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். வண்டி தயாரானதும் ஒரு போட்டோ அனுப்புங்கள், கோடு இழுத்தவரும் அதில் நிற்கட்டும்.